பட்டனை அழுத்தும்வரை காத்திருக்கும் மொழி

மைன்கிராஃப்ட் கேமின் மெனுவில் மொழியை ஸ்பானிஷுக்கு மாற்றிவிட்டு ஆடத் தொடங்கினால், முதல் கால் மணி நேரத்துக்குள் ஒரு சின்னப் பாடம் நடந்து முடிந்துவிடும். மரத்தை வெட்டிப் பலகையாக்கி ஒரு பிக்காசு செய்கிறோம். அதன் படத்தின் மேல் கர்சரை வைத்தால் ‘பிகோ தே மதேரா’ என்று பெயர் வருகிறது. அந்தப் பிக்காசால் கல்லை உடைத்து அடுத்ததைச் செய்தால் ‘பிகோ தே பியெத்ரா’. இரும்பு கிடைத்ததும் ‘பிகோ தே இயெர்ரோ’. பிகோ என்றால் பிக்காசு, மற்றவை மரம், கல், இரும்பு என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கையில் இருக்கும் பொருளே சொல்லிவிடுகிறது. நடுவில் வரும் ‘தே’தான் சுவாரசியமானது. ‘இன்னதால் ஆன’ என்று பொருள் போலிருக்கிறதே என ஊகிக்கிறோம். அடுத்து இரும்பு வாள் செய்யும்போது ‘எஸ்பாதா தே இயெர்ரோ’ என்றுதான் வருகிறது. ஊகம் சரி.

அப்புறம் ஓர் இடத்தில் ஊகம் இடறுகிறது. இந்தப் பொருள்களையெல்லாம் செய்வதற்கு ஒரு மேசை இருக்கிறது. அதற்குப் பெயர் ‘மேசா தே த்ரபாஹோ’. மேசா நமக்குப் பழகிய சொல்தான். தமிழ் ‘மேசை’ போர்த்துக்கீசிய மொழியிலிருந்து வந்தது, ஸ்பானிஷிலும் அதே சொல். ஆனால் த்ரபாஹோ என்றால் வேலை. வேலையால் ஆன மேசை என்று ஒன்று எப்படி இருக்கும்? ஆக, ‘தே’ என்பது இரண்டு பெயர்ச்சொற்களை ஒட்டவைக்கும் சொல், என்ன உறவு என்பதைப் பொருளைப் பார்த்துத்தான் புரிந்துகொள்ள வேண்டும் என்று தெரிகிறது. தமிழில் ‘இரும்பு வாள்’, ‘வேலை மேசை’ என ஒட்டுச்சொல்லே இல்லாமல், வரிசையைத் திருப்பிப் போட்டு இதே காரியத்தைச் சாதிக்கிறோம். இலக்கணப் புத்தகத்தில் ஒரு பத்தியாக வரவேண்டிய விஷயத்தை, ஊகித்து, சோதித்து, தவறி, திருத்திக்கொண்டு நாமே கடந்து வந்துவிடுகிறோம்.

கேம் ஆடியே ஆங்கிலம் கற்றேன், அனிமே பார்த்தே ஜப்பானியம் கற்றேன் என்று சொல்பவர்களை நிறையப் பார்க்கலாம். அவர்கள் பொய் சொல்லவில்லை. அதே நேரம், ஆயிரம் மணி நேரம் ஆடிவிட்டு நாலு வாக்கியம் பேச வராதவர்களும் இருக்கிறார்கள். இரண்டு பேரும் உழைத்தது ஒரே அளவுதான் என்றால் வித்தியாசம் எங்கே வருகிறது? என்னைக் கேட்டால், மொழி முன்னால் வந்து நிற்கும்போது அதை ஏறிட்டுப் பார்க்க அந்தக் கேம் நமக்கு நேரம் கொடுத்ததா என்பதில் இருக்கிறது.

முதலில், கேம் ஏன் உதவுகிறது என்று பார்ப்போம். மொழியியலாளர் ஸ்டீபன் கிராஷென் 1980களில் முன்வைத்த கருத்து இன்றும் அதிகம் பேசப்படுகிறது: நமக்குப் புரிகிற, ஆனால் நம் அளவைவிட ஒரு படி மட்டும் மேலே இருக்கிற மொழியைக் கேட்டுக்கொண்டும் படித்துக்கொண்டும் இருந்தால் மொழி தானாக உள்ளே இறங்கும். பதற்றம் இருந்தால் அந்த வழி அடைபடும் என்றும் அவர் சொன்னார். இதைவிடக் கேமுக்கு நெருக்கமாக வருவது ஜேம்ஸ் ஆஷர் என்ற உளவியலாளர் 1960களில் உருவாக்கிய முறை. ஆசிரியர் ‘எழுந்து நில்’, ‘கதவைத் திற’ என்று புதிய மொழியில் சொல்வார், மாணவர்கள் வாய் திறக்காமல் அதைச் செய்து காட்டுவார்கள். சொல்லும் உடலும் சேர்ந்து நினைவில் பதியும் என்பது அவர் நம்பிக்கை. கேமில் நாள் முழுக்க நடப்பது இதுதான். ‘சாவியை எடு’, ‘பாலத்தைக் கடந்து கிழக்கே போ’ என்று திரையில் வருகிறது. தவறாகப் புரிந்துகொண்டால் மேற்கே போய் நிற்போம். புரிந்ததா இல்லையா என்பதற்கு மதிப்பெண் போட யாரும் வேண்டாம்.

இதையெல்லாம் படித்தால், கேமை ஆடுபவர், பக்கத்தில் சும்மா உட்கார்ந்து பார்ப்பவரைவிட அதிகம் கற்பார் என்று தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஜொனாதன் டிஹானும் இரண்டு சக ஆய்வாளர்களும் 2010இல் வெளியிட்ட ஒரு சோதனை இந்த எண்ணத்தைக் கவிழ்த்துப் போட்டது. ஜப்பானியக் கல்லூரி மாணவர்கள் 80 பேரை இரண்டிரண்டு பேராகச் சேர்த்தார்கள். ஆங்கிலமும் கேம் திறமையும் ஏறத்தாழ ஒரே அளவில் உள்ளவர்களாகப் பார்த்துத்தான் ஜோடி சேர்த்தார்கள். ஒருவர் ஆங்கிலத்தில் உள்ள ஓர் இசை கேமை 20 நிமிடம் ஆட வேண்டும். மற்றவர் அதே நேரத்தில் அதே ஆட்டத்தை இன்னொரு திரையில் பார்க்க வேண்டும். முடிந்ததும் சொல் தேர்வு. இருவருக்குமே சொற்கள் நினைவில் இருந்தன, ஆனால் பார்த்தவருக்குத்தான் கணிசமாக அதிகம் நினைவிருந்தது. ஆடியவர்கள் கேமும் மொழியும் கடினமாக இருந்ததாகவும், பட்டனையும் சொல்லையும் ஒரே நேரத்தில் கவனிக்க முடியவில்லை என்றும் சொன்னார்கள். இரண்டு வாரம் கழித்து மறுபடி கேட்டபோது இரு தரப்புமே நிறைய மறந்திருந்தார்கள்.

காரணம் எளிதானது. அது தாளத்துக்கு ஏற்பப் பட்டனை அழுத்த வேண்டிய ஆட்டம். தாளம் நமக்காக நிற்பதில்லை. கண்ணும் விரலும் மூளையின் கவனத்தை முழுசாகப் பிடித்துக்கொள்ள, பாட்டின் சொற்கள் பின்னணி ஓசையாகப் போய்விடுகின்றன. மொழியியலாளர் ரிச்சர்ட் ஷ்மிட் 1990இல் வலியுறுத்தியதும் இதைத்தான்: காதில் விழுந்தால் போதாது, கவனத்தில் பட்டதுதான் உள்ளே போகும். வேகமான சுடும் ஆட்டங்களை அந்நிய மொழியில் நூற்றுக்கணக்கான மணி நேரம் ஆடியும் பத்து இருபது சொற்களே மிஞ்சுவதற்கு இதுவே காரணம். அங்கே மொழியைப் படிப்பது உயிரோடு இருப்பதற்கு இடைஞ்சல். படிக்க நின்றவன் சுடப்படுகிறான்.

அதனால் எந்தக் கேம் நல்லது என்று யாராவது கேட்டால், முதலில் ஒன்றைத்தான் கேட்பேன்: அது காத்திருக்குமா? கதை சொல்லும் ரோல் பிளேயிங் கேம்களில் ஒரு பாத்திரம் பேசினால் திரையின் அடியில் கட்டத்துக்குள் இரண்டு மூன்று வரி வரும். மூலையில் ஒரு சிறு முக்கோணம் துடித்துக்கொண்டிருக்கும். நாம் பட்டனை அழுத்தும்வரை அந்த வரிகள் அசையாது. அகராதியைப் புரட்டலாம், வாய்விட்டுப் படித்துப் பார்க்கலாம், எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டும் வரலாம். இத்தனை பொறுமையாகக் காத்திருக்கும் பேச்சுத் துணை மனிதர்களில் அபூர்வம். விஷுவல் நாவல் எனப்படும் படக்கதை கேம்கள் இன்னும் ஒரு படி மேலே போய், கடந்துபோன உரையாடலைப் பின்னால் உருட்டிப் படிக்கவும், பல சமயம் அதே வரியின் குரலைத் திரும்பக் கேட்கவும் விடுகின்றன. முறைவைத்து ஆடும் சண்டைகள், புதிர்கள், துப்பறியும் கதைகள், பண்ணை நடத்தும் ஆட்டங்கள் எல்லாம் இந்தக் குடும்பம்தான்.

ஜப்பானியம் கற்பவர்கள் போகிமானில் தொடங்குவது வழக்கமானதற்கும் காரணம் உண்டு. ஆரம்ப கால போகிமான் கேம்களில் சீன எழுத்துகளான கஞ்சியே கிடையாது. பழைய கருவிகளின் நினைவகமும் திரையும் அவ்வளவு சிறியவை. எல்லாமே கனா என்னும் ஒலியெழுத்தில், சொற்களுக்கு நடுவே இடைவெளி விட்டு எழுதப்பட்டன. சாதாரண ஜப்பானிய எழுத்தில் அந்த இடைவெளி இருக்காது. 2010இல் வந்த பிளாக், ஒயிட் பதிப்புகளிலிருந்து கனாவா கஞ்சியா என்று தேர்ந்தெடுக்கலாம். 2013இன் எக்ஸ், ஒய் பதிப்புகளில் ஒரே கேமுக்குள் ஏழு மொழிகளில் ஒன்றைத் தொடக்கத்திலேயே எடுத்துக்கொள்ளலாம். ஆனால் எடுத்தபின் அந்த ஆட்டம் முடியும்வரை மொழியை மாற்ற முடியாது. அவசரத்தில் தாய்மொழிக்கோ ஆங்கிலத்துக்கோ தாவிவிட வழியில்லாமல் போவது கற்பவருக்கு லாபம் என்றே நினைக்கிறேன்.

அந்த கேம்களின் முதல் திரையையே எடுத்துக்கொள்வோம். இரண்டு வரிகள் இருக்கும். ஒன்று ‘ட்சுஸுகி கரா ஹஜிமேரு’, மற்றது ‘சைஷோ கரா ஹஜிமேரு’. சைஷோ என்றால் முதல், கரா என்றால் இருந்து, ஹஜிமேரு என்றால் தொடங்குவது. ‘முதலில் இருந்து தொடங்குவது’: தமிழில் என்ன வரிசையோ அதே வரிசை. ‘ட்சுஸுகி கரா’ என்பது ‘விட்ட இடத்தில் இருந்து’ என்பது போல. பெயருக்குப் பின்னால் உருபு, கடைசியில் வினை. ஆங்கிலம் வழியாக ஜப்பானியம் கற்பவர் தலைகீழாக யோசித்துப் பழக வேண்டிய இடத்தில், தமிழர் சொல்லுக்குச் சொல் வைத்துக்கொண்டே போகலாம். ‘ஒ’ வந்தால் நம் ‘ஐ’, ‘னி’ வந்தால் பெரும்பாலும் நம் ‘கு’. ஜப்பானியம் கற்க ஆங்கிலத்தில் எழுதிய விளக்கங்களோடு மல்லுக்கட்டும் தமிழர்களைப் பார்த்தால் எனக்கு ஆதங்கமாக இருக்கும். பாதி விளக்கம் ஏற்கெனவே அவர்கள் நாக்கில் இருக்கிறது.

சரி, காத்திருக்கும் கேம் கிடைத்துவிட்டது. அடுத்த கேள்வி, அது எந்தச் சொற்களைத் தரும்? சொல் வளம் பற்றி விரிவாக ஆய்ந்த பால் நேஷன், துணையில்லாமல் ஒரு பனுவலை நன்றாகப் புரிந்துகொள்ள அதில் உள்ள சொற்களில் 98 சதவீதம் தெரிந்திருக்க வேண்டும் என்ற அளவை எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டார். ஐம்பது சொல்லுக்கு ஒன்று மட்டும் தெரியாமல் இருக்கலாம். ஆங்கிலத்தில் நாவலுக்கும் செய்தித்தாளுக்கும் 8,000 முதல் 9,000 சொற்குடும்பங்களும், பேச்சுக்கு 6,000 முதல் 7,000 வரையும் தேவை என்று 2006இல் எழுதினார். ‘ஓடு, ஓடினான், ஓட்டம்’ போன்றவையெல்லாம் சேர்ந்து ஒரு குடும்பம். 95 சதவீதம் போதும் என்று இறங்கி வந்தால் ஆங்கிலத் திரைப்படங்களுக்கு ஏறத்தாழ 3,000 சொற்குடும்பங்கள் போதும் என்று ஸ்டூவர்ட் வெப்பும் மைக்கேல் ராட்ஜர்ஸும் 2009இல் கண்டார்கள். அதாவது ஒன்றுமே தெரியாதவர் நேராகப் போய்க் கேமில் குதித்தால் அது சுவரில் முட்டுவது மாதிரிதான். அடிப்படை எழுத்து, ஆயிரம் சொல், கொஞ்சம் இலக்கணம் என்று வேறு வழியில் சேர்த்துக்கொண்டு வருபவருக்குத்தான் கதவு திறக்கும்.

கேம் தரும் சொற்கள் ஒருபக்கமாகச் சாய்ந்தவை என்பதையும் மறைக்க வேண்டாம். கேடயம், மந்திரம், நஞ்சு, படைத்தலைவன், சாபம் எல்லாம் தெரிந்திருக்கும். மருத்துவரிடம் போய்த் தலை சுற்றுகிறது என்று சொல்லத் தெரியாது. இதைக்கூடக் காலப்போக்கில் சரிசெய்துவிடலாம். பேசும் பாணி சாய்ந்துபோனால் திருத்துவது கடினம். ஜப்பானிய மொழியியலாளர் கின்சுய் சதோஷி இதற்கு ‘யகுவரிகோ’ என்று பெயர் வைத்தார், பாத்திர மொழி என்று சொல்லலாம். அனிமேயிலும் கேமிலும் வயதான பேராசிரியர் தன்னை ‘வாஷி’ என்பார், வாக்கியத்தை ‘ஜா’ என்று முடிப்பார். நிஜ வாழ்க்கையில் டோக்கியோவின் தாத்தாக்கள் அப்படிப் பேசுவதில்லை. கேட்டவுடன் ‘இவர் கிழவர், அறிஞர்’ என்று பார்வையாளருக்குப் புரியவேண்டும் என்பதற்காகக் கதைகள் வழிவழியாகக் காப்பாற்றிவரும் பேச்சு அது. வீரன் தன்னை ‘ஒரே’ என்று முரட்டுத்தனமாகச் சொல்வான், எதிரியை வசைபோல ‘கிசாமா’ என்பான். அதை ஒரு வேலை நேர்காணலில் சொன்னால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. தமிழைச் சரித்திரப் படங்களில் மட்டும் கற்ற ஒருவர், கடைக்குள் நுழைந்து ‘யாரங்கே!’ என்று கைதட்டுவதை நினைத்துப் பாருங்கள். இலக்கணத்தில் ஒரு பிழையும் இருக்காது.

நீ, நீங்கள் என்ற வேறுபாட்டோடு வளர்ந்த நமக்கு இந்த ஆபத்து சட்டென்று புரியும். யார் யாரிடம் எப்படிப் பேசுகிறார்கள் என்பதைக் கேமிலேயே கவனிக்கலாம். கடைக்காரர் பாத்திரங்களும் விடுதி நடத்துபவர்களும் பெரும்பாலும் மரியாதை வடிவில்தான் பேசுவார்கள். வீரனின் வசனத்தை ரசிக்கலாம், வாயில் ஏற்றிக்கொள்ளக் கடைக்காரரின் வசனம்தான் தோது.

படம், தொடர் பார்ப்பவர்களுக்குச் சப்டைட்டில் பெரிய கேள்வி. 2009இல் ஹோல்கர் மிட்டரரும் ஜேம்ஸ் மெக்வீனும் நடத்திய சோதனை இதில் தெளிவான ஒன்றைக் காட்டியது. டச்சு மாணவர்களுக்குப் பழக்கமில்லாத ஸ்காட்டிஷ், ஆஸ்திரேலிய உச்சரிப்புள்ள ஆங்கில வீடியோக்களைக் காட்டினார்கள். சிலருக்கு ஆங்கிலச் சப்டைட்டில், சிலருக்கு டச்சு, சிலருக்கு எதுவும் இல்லை. அதன்பின் அதே பேச்சாளர்களின் புதிய வாக்கியங்களைக் கேட்டுத் திரும்பச் சொல்லச் சொன்னபோது, ஆங்கிலச் சப்டைட்டிலோடு பார்த்தவர்கள் நன்றாகச் செய்தார்கள். டச்சுச் சப்டைட்டில் அதற்கு இடைஞ்சலாகவே இருந்தது. காதில் விழும் ஒலியும் கண்ணில் படும் எழுத்தும் ஒரே மொழியாக இருந்தால் காது பழகுகிறது. கதை புரிய வேண்டுமென்றால் சொந்த மொழிச் சப்டைட்டில் தாராளமாக வைத்துக்கொள்ளலாம், ஆனால் அந்த நேரத்தை மொழிப் பயிற்சிக் கணக்கில் எழுதிக்கொள்ளக் கூடாது. இங்கேயும் காத்திருக்க வைக்கலாம் என்பதை மறக்க வேண்டாம். பத்து விநாடி பின்னால் தள்ளும் பட்டன் இருக்கிறதே, அதுதான் படத்தை முக்கோணம் துடிக்கும் கேமாக மாற்றுகிறது.

குழந்தைகள் கேம் ஆடியே ஆங்கிலத்தில் தேறிவிடுகிறார்கள் என்பதற்கு ஸ்வீடனைத்தான் அடிக்கடி காட்டுவார்கள். அங்கே வெளிநாட்டு நிகழ்ச்சிகளுக்குப் பெரும்பாலும் டப்பிங் கிடையாது, சப்டைட்டில்தான். வகுப்புக்கு வெளியே கிடைக்கும் ஆங்கிலத்தைப் பல ஆண்டுகளாக ஆய்ந்துவரும் பியா சுந்த்க்விஸ்ட், லிஸ் கெர்ஸ்டின் சில்வேனுடன் சேர்ந்து 2012இல் வெளியிட்ட ஆய்வில் 11, 12 வயதுக் குழந்தைகள் 86 பேரைப் பார்த்தார். வாரத்துக்கு 5 மணி நேரமோ அதற்கு மேலோ டிஜிட்டல் கேம் ஆடியவர்கள் ஆங்கிலத் தேர்வுகளில் முன்னால் நின்றார்கள். மகிழ்ச்சியான செய்திதான். ஆனால் கேம் ஆடியதால் ஆங்கிலம் வந்ததா, ஆங்கிலம் வந்ததால் கேமில் இறங்கினார்களா என்பதை இந்த வகை ஆய்வு பிரித்துச் சொல்லாது. இரண்டும் ஒன்றையொன்று தூக்கிவிடுகின்றன என்று நினைக்கவே எனக்கு மனம் வருகிறது.

பேசுவது தனிக் கதை. கனடாவில் பாடங்களையெல்லாம் பிரெஞ்சிலேயே படித்த ஆங்கிலக் குழந்தைகள், ஆண்டுக்கணக்கில் பிரெஞ்சு கேட்ட பிறகும் பேசும்போதும் எழுதும்போதும் பிழை விட்டார்கள். கேட்டுப் புரிந்துகொள்வதில் அவர்களிடம் குறையே இல்லை. இதைப் பார்த்துத்தான் மொழியியலாளர் மெரில் ஸ்வெய்ன் 1985இல், வாயைத் திறந்து சொல்ல முயலும்போதுதான் நம்மிடம் என்ன இல்லை என்று நமக்கே தெரிகிறது என்று வாதிட்டார். தனியாக ஆடும் கேம் இந்த இடத்தில் கைவிட்டுவிடும். ‘ஆம்’, ‘இல்லை’ என்ற இரண்டு பட்டனோடு முழுக் கதையையும் முடித்துவிடலாம். பலரோடு சேர்ந்து ஆடும் ஆன்லைன் கேமில் பேச வேண்டியிருக்கும், ஆனால் சண்டை நடுவே ‘வா’, ‘பின்னால் பார்’, ‘காப்பாற்று’ என்பதற்கு மேல் போகாது. அதில் பயனுள்ள நேரம் சண்டை முடிந்தபின் எல்லோரும் கூடி நின்று அடுத்து என்ன செய்யலாம் என்று பேசும் அந்த ஐந்து நிமிடம்தான். அங்கே எதிரில் இருப்பவர் மனிதர். புரியவில்லை என்றால் இன்னொரு முறை சொல்வார்.

நேரக் கணக்கையும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும். அமெரிக்க வெளியுறவுத் துறையின் பயிற்சி நிறுவனம், ஆங்கிலம் பேசுபவர் ஜப்பானியத்தில் பணிசெய்யும் அளவுக்குத் தேற ஏறத்தாழ 2,200 வகுப்பு மணி நேரம் ஆகும் என்று கணக்கு வைத்திருக்கிறது. ஒரு நீண்ட கதை கேம் 60, 80 மணி நேரம். அப்படிப் பார்த்தால் ஒரு கேமை முடிப்பது வழியில் ஒரு சத்திரத்தை அடைவது மாதிரி. ஆனால் 2,200 மணி நேரம் சலிக்காமல் உட்காரவைக்க எதனால் முடியும் என்று யோசித்தால், கேமுக்கு இணையாக எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

எனக்குப் பலன் தந்த ஏற்பாட்டைச் சொல்கிறேன். புதிய கேமை வாங்காமல், ஏற்கெனவே தாய்மொழி மாதிரி பழகிய மொழியில் ஒருமுறை முடித்த கேமையே மறுபடி எடுத்தேன். கதை தெரியும், வழி தெரியும், யார் துரோகி என்பதும் தெரியும். அதனால் மூளைக்கு மொழியைத் தவிர வேறு வேலை இல்லை. தெரியாத சொல் வந்தால் எல்லாவற்றையும் குறிக்கவில்லை. ஒரே மாலையில் மூன்றாவது முறை தலைகாட்டிய சொல்லை மட்டும், அது வந்த முழு வரியோடு, நோட்டில் எழுதினேன். ‘பிகோ’ போன்ற சொற்களை எழுதவே தேவையில்லை, கேமே அவற்றை நூறு முறை கண்முன் கொண்டுவந்துவிடும். எப்போதாவது ஒருமுறை வரும் நல்ல சொற்களுக்குத்தான் உதவி வேண்டும். கற்றதை எவ்வளவு வேகமாக மறக்கிறோம் என்பதை உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹாஸ் 1885இலேயே தன்னைத்தானே சோதித்து அளந்து காட்டியிருக்கிறார். கேள்வி ஒரு பக்கமும் பதில் மறுபக்கமும் உள்ள அட்டைகளைக் காட்டும் ஆன்கி போன்ற செயலிகள் அந்த மறதியைக் கணக்கில் வைத்து, மறக்கப்போகும் தறுவாயில் அட்டையை நீட்டுகின்றன. என் அட்டைகளில் தனிச்சொல் கிடையாது, யார் யாரிடம் எந்த இடத்தில் சொன்னார் என்ற குறிப்போடு முழு வரி இருக்கும். வாரத்துக்கு ஒருமுறை, அந்த வாரம் கேமில் நடந்ததை ஐந்து வரியில் அதே மொழியில் எழுதி, அந்த மொழிக்காரர் ஒருவரிடம் காட்டினேன். முதல் வாரம் அவர் திருத்தியதில் என் எழுத்தைவிட அவர் எழுத்துதான் அதிகம் இருந்தது. வாஷி என்று நான் எழுதிய இடத்தை அவர் வட்டமிட்டு, பக்கத்தில் ‘உங்களுக்கு வயது என்ன?’ என்று கேட்டிருந்தார்.